ஹா ஹா டோங்காவா, எலிஃபன்ட் ராக்ஸா? பெற்றோரை அழைத்துச் செல்வோருக்கு ஓர் ஒப்பீடு

செயின்ட் லூயிஸ் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்தால், ஆற்றங்கரை வளைவையும் தாவரவியல் பூங்காவையும் விலங்குக் காட்சிச்சாலையையும் காட்டி முடித்த பிறகு, நகரத்துக்கு வெளியே ஒரு முழுநாள் எங்கே போவது என்ற கேள்வி எழுந்துவிடும். அப்போது மிசௌரி மாநிலப் பூங்காக்களில் இரண்டின் பெயர்கள் அடிக்கடி அடிபடும். ஒன்று, கேம்டன்டன் ஊருக்கு அருகிலுள்ள ஹா ஹா டோங்கா. மற்றொன்று, கிரானைட்வில் பக்கத்திலுள்ள எலிஃபன்ட் ராக்ஸ். இரண்டிலும் இயற்கை செதுக்கிய பாறைகளும் மனிதர் கட்டிக் கைவிட்ட கட்டட இடிபாடும் உண்டு. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. இரண்டிலும் இரவு தங்க இடமில்லை. முழங்கால் வலியுள்ள என் தாயாரையும் நீண்ட நடையை விரும்பாத தந்தையையும் அழைத்துக்கொண்டு இரண்டுக்கும் சென்று வந்தவன் என்ற முறையில், ஹா ஹா டோங்காவையே நான் பரிந்துரைக்கிறேன். அதற்கான காரணம், அங்கே இடிந்து நிற்கும் அரண்மனை அழகாக இருக்கிறது என்பது மட்டுமன்று.

தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது நான் பரிந்துரைக்கும் இடத்துக்கு எதிரானது. செயின்ட் லூயிஸிலிருந்து எலிஃபன்ட் ராக்ஸ் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். ஹா ஹா டோங்காவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். காலை ஆறு மணிக்குக் கிளம்பத் தயாராக இல்லாத வீட்டாருக்கு இந்த வேறுபாடு பெரிது. உணவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். புளியோதரையும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போவதே நல்லது.

எலிஃபன்ட் ராக்ஸைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. பூமிக்கடியில் உருகிய குழம்பாக இருந்து இறுகிய செந்நிறக் கிரானைட் அது. வயது ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகள். இறுகும்போது விழுந்த வெடிப்புகளின் வழியாக நிலத்தடி நீர் இறங்கி, பாறைத் துண்டுகளின் விளிம்புகளை மண்ணுக்குள்ளேயே மழுக்கி உருட்டியது. பின்னர் மேல்மண் அரித்துப் போனதும் அவை யானைக் கூட்டம் போல வரிசையாக வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியதன் உயரம் 27 அடி, நீளம் 35 அடி, எடை ஏறத்தாழ 680 டன். 1869 முதல் இப்பகுதியில் கல்லுடைப்புத் தொழில் நடந்திருக்கிறது. செயின்ட் லூயிஸ் தெருக்களில் பாவிய கற்களும் ஈட்ஸ் பாலத்தின் தூண்களுக்கான கற்களும் இங்கிருந்து சென்றவையே. கல்தச்சர்கள் பாறைமீது தம் பெயர்களைச் செதுக்கியிருப்பதை இன்றும் வாசிக்கலாம். அங்குள்ள இடிபாடு, கல்லேற்றிய ரயில் எஞ்சின்களைப் பழுது பார்த்த கொட்டகை. கூரை போய்க் கிரானைட் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. 1967ஆம் ஆண்டு இந்த நிலத்தை மாநிலத்துக்கு நன்கொடையாக அளித்தவர் ஜான் ஸ்டஃபோர்ட் பிரவுன் என்னும் நிலவியலாளர்.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பார்த்தவர்களுக்கும், மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் உருண்டைப் பாறையின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இந்த உருவங்கள் புதியவை அல்ல. வெடிப்பின் வழியே நீர் புகுந்து விளிம்பை உருட்டும் அதே வேலைதான் அங்கும் நடந்திருக்கிறது. என் தந்தை சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் இதைவிடப் பெருசு பெருசா இருக்கேப்பா" என்றார். அதை நான் மறுக்கவில்லை.

ஹா ஹா டோங்கா காட்டுவது வேறு வகையான நிலம். அங்குள்ள பாறை, சுண்ணாம்புக்கல்லைப் போன்ற டாலமைட். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென் அமிலமாகி, இந்தப் பாறையை மெல்ல மெல்லக் கரைத்து உள்ளே பெருங்குகைகளை உண்டாக்கியிருக்கிறது. பிறகு குகைகளின் கூரைகள் பல இடங்களில் உள்வாங்கிவிட்டன. கொலோசியம் என்று அழைக்கப்படும் பள்ளம் அப்படி விழுந்த ஒன்று. நீளம் 500 அடி, அகலம் 300 அடி. விழாமல் எஞ்சிய கூரைத் துண்டு ஒன்றுதான் இன்று இயற்கைப் பாலமாக நிற்கிறது. இந்தக் கரைந்த பாதைகளின் வழியே வரும் நீர், உயர்ந்த பாறைச் சுவரின் அடியிலிருந்து ஊற்றாகப் புறப்படுகிறது. ஒரு நாளில் சராசரியாக 4.8 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 18 கோடி லிட்டர். கிணற்றில் நீர் மட்டம் எத்தனை அடி இறங்கியது என்று கணக்குப் பார்த்தே வாழ்ந்த என் பெற்றோர், பாறையின் காலடியிலிருந்து ஓர் ஆறே கிளம்பி ஓடுவதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றார்கள். கிரானைட் நாட்டில் பிறந்தவர்களுக்கு வேறு எங்கும் எளிதில் காட்ட முடியாத காட்சி இது.

அரண்மனையின் கதை இந்த நிலத்தோடு பின்னியது. கேன்சஸ் சிட்டியின் தொழிலதிபர் ராபர்ட் மக்ளூர் ஸ்னைடர், ஊற்றுக்கு மேலே உள்ள செங்குத்துப் பாறையின் உச்சியில் ஐரோப்பிய பாணியில் ஒரு மாளிகை எழுப்ப விரும்பி, 1905இல் வேலையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்திலிருந்து கல்தச்சர்கள் வரவழைக்கப்பட்டார்கள். கல் அருகிலேயே வெட்டப்பட்டது. மறு ஆண்டே அவர் மோட்டார் வண்டி விபத்தில் இறந்தார். அம்மாநிலத்தின் தொடக்ககால மோட்டார் விபத்து மரணங்களுள் அதுவும் ஒன்று. வேலை நெடுங்காலம் நின்று, 1920களின் தொடக்கத்தில் அவருடைய மகன்களால் நிறைவுற்றது. 1931இல் பேக்னெல் அணையால் உருவான ஓசார்க்ஸ் ஏரியின் நீர் ஊற்றின் வாயில் வரை ஏறி வந்தபோது, குடும்பம் அணையைக் கட்டிய மின்நிறுவனத்தோடு நீண்ட வழக்கில் இறங்கிச் செல்வம் கரைந்தது. மாளிகை விடுதியாக நடந்துகொண்டிருந்த 1942இல் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறி கூரையைப் பற்றி, ஒரே நாளில் எல்லாம் எரிந்துபோயிற்று. எண்பது அடி உயர நீர்க்கோபுரத்தை 1976இல் யாரோ கொளுத்தினார்கள். 1978இல் மாநிலம் நிலத்தை வாங்கியது. ஒரு தனி மனிதரின் விருப்பமும் இழப்பும் இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட சுவர்கள், எஞ்சின் கொட்டகையின் எளிய சுவர்களைவிட மனத்தில் தங்குகின்றன என்பது என் கருத்து. வேறு சிலருக்கு உழைப்பாளிகளின் கொட்டகையே பெரிதாகத் தோன்றலாம், அதையும் மதிக்கிறேன்.

இனி, முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன்: முழங்கால். முதியோரோடு செல்லும்போது ஒரு பூங்காவில் எத்தனை மைல் பாதை உண்டு என்று பார்ப்பதில் பயனில்லை. முதன்மையான காட்சிக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் இடையே என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலில், மேலோட்டமாகப் பார்த்தால் எலிஃபன்ட் ராக்ஸ் எளிதில் வெல்ல வேண்டும். அங்கே பார்வையற்றோருக்கும் நடக்க இயலாதோருக்கும் என்றே அமைக்கப்பட்ட, பிரெய்ல் பலகைகள் கொண்ட, தளமிட்ட ஒரு மைல் சுற்றுப்பாதை உண்டு. மிசௌரி மாநிலப் பூங்காக்களில் இத்தகைய பாதை முதன்முதலில் அமைந்ததும் அங்கேதான். ஆனால் அந்தப் பாதை பெரும்பாலும் குன்றைச் சுற்றியே செல்கிறது. யானைகள் வரிசையாக நிற்கும் மேடு உச்சியில் இருக்கிறது. அங்கே செல்லப் படியில்லாத வெறும் பாறையில் கையூன்றி ஏற வேண்டும். பேரப்பிள்ளைகள் மேலே குதித்து ஓட, தாத்தாவும் பாட்டியும் கீழே காத்திருக்கும் நிலை வந்துவிடுகிறது. நடப்பது எளிது, ஆனால் இடத்தின் உயிரான காட்சி கைக்கெட்டாமல் போகிறது.

ஹா ஹா டோங்காவின் பெயரைச் சொன்னதும் பலர் அஞ்சுவது அங்குள்ள 316 மரப்படிகளை நினைத்துத்தான். மேலிருந்து ஊற்றுக்கு இறங்கும் படிகள் அவை. திரும்பி ஏறுவது இளையவர்களுக்கே மூச்சு வாங்கும் வேலை. ஆனால் அந்தப் படிகளில் கால் வைக்காமலேயே முதன்மையான காட்சிகள் அனைத்தையும் பார்க்க முடியும், ஏனெனில் பூங்காவின் சாலை ஒவ்வொரு காட்சிக்கும் அருகே தனித்தனி வண்டி நிறுத்துமிடம் வைத்திருக்கிறது. அரண்மனைக்கு மேலேயுள்ள நிறுத்துமிடத்திலிருந்து தளமிட்ட பாதை செல்கிறது. சற்று ஏற்றம் உண்டு, அவ்வளவுதான். அதன் அருகிலிருந்தே ஏரியையும் கீழேயுள்ள பள்ளத்தாக்கையும் பார்க்கலாம். இயற்கைப் பாலத்தை நோக்கி மற்றொரு இடத்தில் வண்டியை நிறுத்திச் சிறிது தூரம் நடந்தால் போதும்; பாலத்துக்கு அடியில் இறங்கும் பாதை மட்டும் கரடுமுரடானது. ஊற்றுக்கோ, கீழே ஏரிக்கரையிலுள்ள நிறுத்துமிடத்திலிருந்து நீரோரமாகச் சமதளப் பாதை உண்டு. முழங்கால் கடக்க முடியாத உயரத்தை மகிழுந்து கடந்துவிடுகிறது.

நாங்கள் கடைப்பிடித்த ஏற்பாட்டைப் பிறரும் பின்பற்றலாம். குடும்பத்தில் படியிறங்க விரும்புவோரை மேலே நீர்க்கோபுரத்தின் அருகே இறக்கிவிட வேண்டும். படிகள் திறந்திருந்தால், அவர்கள் மரத்தளப் பாதை வழியாகச் சென்று 316 படிகளிலும் இறங்கட்டும். வண்டியோட்டுபவர் பெரியவர்களை அழைத்துக்கொண்டு கீழ் நிறுத்துமிடத்துக்குச் சென்று, அவர்களோடு நீரோரமாக மெதுவாக நடந்தால், இரு தரப்பும் ஊற்றருகே சந்திக்கலாம். திரும்பும்போது எல்லோரும் கீழிருந்தே வண்டியேறிவிடலாம். ஆகவே படிகளில் ஏறும் தேவையே எவருக்கும் எழுவதில்லை. இரு தலைமுறைகளும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் நின்று பார்க்க முடிகிறது என்பதற்காகவே, கூடுதல் தூரத்தை ஓட்டிச் செல்வது தகும் என்று நினைக்கிறேன்.

வெயிலும் இதோடு சேர்கிறது. ஜூலை நண்பகலில் எலிஃபன்ட் ராக்ஸ் உச்சியின் திறந்த கிரானைட்டில் நிழலுக்கு ஒதுங்க இடம் குறைவு. ஊற்றுப்பாதையில் மர நிழலும் நீரின் குளிர்ச்சியும் உண்டு.

எலிஃபன்ட் ராக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சூழல்களும் இருக்கின்றன. சக்கர நாற்காலியை முழுதும் நம்பியிருப்பவருக்கு ஒரே சுற்றில் நிறையப் பார்க்க அந்த பிரெய்ல் பாதையே மேல். ஏறி விளையாட வேண்டும் என்று துடிக்கும் ஆறேழு வயதுப் பிள்ளைகள் மட்டும் உடன் வந்தால், தொட்டு ஏறக்கூடிய பாறைகளே அவர்களுக்குப் பிடிக்கும்; அரண்மனைச் சுவர்கள் பாதுகாப்புக் கருதி வெளியே நின்று பார்க்க மட்டுமே உரியவை. நீரில் இறங்க விரும்பினால், எலிஃபன்ட் ராக்ஸுக்கு அருகிலுள்ள ஜான்சன்ஸ் ஷட்-இன்ஸ் பூங்காவையும் அன்றே சேர்த்துக்கொள்ளலாம். கோடை வார இறுதிகளில் அங்கே இடம் விரைவில் நிறைந்துவிடும்.

நான் இரண்டு பூங்காக்களுக்கும் சென்றது கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலுமே. குளிர்காலத்தில் மரப்படிகளும் பாதைகளும் எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் துணை நிற்காது. ஆகவே பனிக்காலப் பயணத்துக்கு மேற்கண்ட தீர்ப்பை அப்படியே கொள்ள வேண்டாம். ஏரியிலிருந்து படகில் வந்து அரண்மனையைப் பார்ப்பவர்களும் உண்டு, அதையும் நான் செய்ததில்லை. தரைவழியாகச் செல்வோர், காலையில் வெயில் ஏறுமுன் அரண்மனையையும் இயற்கைப் பாலத்தையும் முடித்துக்கொண்டு, மதிய உணவுக்குப் பின் நிழலுள்ள ஊற்றுப்பாதைக்கு இறங்குமாறு நேரத்தை வகுத்துக்கொண்டால், மாலை ஐந்து மணிக்குள் வீடு திரும்பும் சாலையில் இருக்கலாம்.