ஒரு மோட்டார் நின்றால்: 10 லிட்டர் தெளிப்பு ட்ரோனுடன் சில பருவங்கள்

சம்பாவிலும் நவரையிலுமாகச் செங்கல்பட்டு மாவட்ட நெல் வயல்களில் நான் வாடகைக்கு மருந்து தெளித்துவரும் ஆறு மோட்டார் ட்ரோனைப் பற்றியது இந்தப் பகிர்வு. தொட்டி 10 லிட்டர்; நிறைசுமையோடும் 25 கிலோவைத் தாண்டாததால், 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் இது ‘சிறிய’ வகையைச் சேரும். தெளிப்பின் சீரிலும் வேகத்திலும் எனக்குக் குறையில்லை. வாங்க எண்ணுவோர் விசாரிக்க வேண்டியது, பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான்.

“ஒன்று போனாலும் ஐந்து தாங்கும்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால், ஒரு மோட்டார் நின்றதும் சமநிலை குலையாமலிருக்க, அதற்கு நேரெதிரே உள்ளதன் விசையையும் கட்டுப்பாட்டுக் கருவி வெகுவாகக் குறைத்துவிடுவதால், சுமையை உண்மையில் தாங்குபவை ஏறக்குறைய நான்குதான். மதுராந்தகம் பக்கம் தொட்டி பாதிக்கும் கீழே இருந்தபோது ஒரு மோட்டார் நின்றது. ட்ரோன் மெல்லச் சுழன்றபடி வரப்போரம் இறங்கியது. நிறைதொட்டியோடு கிளம்பிய சிறிது நேரத்தில் மற்றொரு முறை அவ்வாறு நேர்ந்தபோதோ, இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து ட்ரோன் சேற்றில் விழுந்து, மோட்டார்களைத் தாங்கும் அதன் கைகள் முறிந்தன. அந்த உயரத்தில் பாராசூட் விரியவும் இடமில்லை.

ஆள் ஓட்டும் தெளிப்பு விமானத்தில் என்ஜின் நின்றால், விமானி அவசர நெம்புகோலை இழுத்து மருந்து முழுவதையும் சில நொடிகளில் கொட்டிவிட்டு, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, திரும்ப முயலாமல் எதிரே கிடைக்கும் வயலில் இறக்குவார். என் ட்ரோனில் அந்த வழி இல்லை. பம்பு நிமிடத்துக்குச் சில லிட்டரைத்தான் வெளியேற்றும். ஆகவே இப்போது 7 லிட்டருக்கு மேல் நிரப்புவதில்லை. ஏக்கருக்கு ஆகும் நேரம் கூடுகிறது. விவசாயிகள் சிலர் முணுமுணுக்கவும் செய்கிறார்கள்.

இரு முறையும் காரணம் ஒன்றே: விசிறிக் காற்று மேலே இழுத்த மருந்துத் துளிகள் படிந்து, மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் இணைப்புகள் அரித்துப்போயிருந்தன. அன்றாடம் ஈரத்துணியால் துடைப்பதும், மோட்டார்களைக் கையால் சுழற்றி உராய்வு தெரிகிறதா என்று பார்ப்பதும் பயன் தருகின்றன. பழுது பார்த்தபின் குரோம்பேட்டை வீட்டு மாடியில் பறக்கவிட்டுப் பார்க்க வழியில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் அருகிலேயே இருப்பதால், சோதனைக்கும் வயலுக்கே செல்ல வேண்டியிருக்கிறது.

திறந்த நெல் வயலுக்கும் நிலக்கடலைக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தென்னந்தோப்புக்கும் மின்கம்பிகள் குறுக்கிடும் நிலத்துக்கும், இறக்குவதற்கு வெற்றிடம் கண்ணில் படாத வரை, இதை எடுத்துச் செல்ல மாட்டேன்.