ஓஇடியா, ஐஇஎல்டிஎஸா? பிரிட்டன் போக நினைக்கும் நர்ஸுக்கு லிசனிங்கிலும் ரீடிங்கிலும் எது கைகொடுக்கும்

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய நினைக்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அக்கா, ஓஇடி எழுதட்டுமா, ஐஇஎல்டிஎஸ் எழுதட்டுமா? எது ஈஸி?" ஐஇஎல்டிஎஸ் எல்லாத் துறையினருக்கும் பொதுவான ஆங்கிலத் தேர்வு, ஓஇடி மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஆங்கிலத் தேர்வு. பல கோச்சிங் சென்டர்களில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். "நீங்க நர்ஸ், ஓஇடி மெடிக்கல் இங்கிலீஷ், அதனால அதுதான் ஈஸி." இதில் பாதி உண்மை. மறுபாதியை யாரும் சொல்லாததால், நல்ல திறமையுள்ள பிள்ளைகள் தங்களுக்குப் பொருந்தாத தேர்வுக்குப் பெரும் பணம் கட்டி மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

ரைட்டிங், ஸ்பீக்கிங் இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறேன். கட்டுரை எழுத வராது, நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுத வரும் என்பதற்காகவே ஓஇடியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது நியாயமான காரணம்தான். ஆனால் அப்படி முடிவெடுப்பவர்கள் லிசனிங்கும் ரீடிங்கும் "எப்படியும் வந்துவிடும்" என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் பலருக்குத் தட்டுகிறது.

முதலில் எவ்வளவு தேவை என்று பார்த்துவிடலாம். பிரிட்டனின் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அதாவது என்எம்சி, 2017 நவம்பரில் ஓஇடியையும் ஏற்கத் தொடங்கியது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் மொத்தம் 7 வேண்டும். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் ஒவ்வொன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. ஓஇடியில் அந்த மூன்றுக்கும் பி கிரேடு, ரைட்டிங்குக்கு சி பிளஸ். ஓஇடியில் பி என்றால் 500க்கு 350 முதல் 440 வரை. ஐஇஎல்டிஎஸின் இன்னொரு வகையான ஜெனரல் ட்ரெய்னிங் இதற்குச் செல்லாது. டோஃபல், பிடிஇ என்ற வேறு இரண்டு ஆங்கிலத் தேர்வுகளையும் என்எம்சி ஏற்பதில்லை, ஆகவே அவற்றைப் பற்றிப் பேச இங்கே வேலையில்லை. "நான் பிஎஸ்சி நர்ஸிங் முழுக்க இங்கிலீஷ் மீடியம்தானே" என்று கேட்பவர்களுக்கு: அது மட்டும் போதாது. ஆங்கிலம் பெரும்பான்மை மொழியாக உள்ள நாடுகள் என்று என்எம்சி வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை.

கேள்விக் கணக்கில் பார்த்தால், ஐஇஎல்டிஎஸில் 40க்கு 30 சரியாக இருந்தால் லிசனிங்கிலும் அகாடமிக் ரீடிங்கிலும் பொதுவாக 7 கிடைக்கும். ஓஇடியில் 42க்கு ஏறத்தாழ 30 வாங்கினால் பி என்று பயிற்சியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். ஆக, ஒன்றில் கொஞ்சம் மார்க் எடுத்தாலே போதும், மற்றதில் அள்ள வேண்டும் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்த 30 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

லிசனிங்: காது எதற்குப் பழகியிருக்கிறது?

இரண்டு தேர்விலும் ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். மற்றபடி ஒற்றுமை குறைவு.

ஐஇஎல்டிஎஸ் சுமார் 30 நிமிடம் ஓடும். நான்கு பகுதி, பகுதிக்குப் பத்துக் கேள்வி. முதல் பகுதியில் ஒருவர் வாடகைக்கு வீடு விசாரிப்பார், அல்லது ஏதாவது வகுப்பில் சேரப் பெயர் கொடுப்பார். பெயரின் எழுத்துகள், தேதி, தொகை, முகவரி இவற்றைப் பிடித்தால் போதும். இரண்டாவதில் ஒருவரே பேசுவார். அருங்காட்சியகத்துக்கு வழி சொல்வது மாதிரி. மூன்றாவது, கல்லூரி மாணவர்கள் தங்கள் பிராஜெக்டைப் பற்றி விவாதிப்பது. நான்காவது ஒரு பல்கலைக்கழக விரிவுரை, நடுவில் நிறுத்தமே இருக்காது. போகப்போகக் கடினமாகும் அமைப்பு. முதல் இரண்டு பகுதியில் 18 மார்க்காவது சேர்க்காமல் 7 வாங்குவது சிரமம்.

ஓஇடி சுமார் 45 நிமிடம். ஏ பகுதியில் மருத்துவரோ நர்ஸோ நோயாளியிடம் பேசும் இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவில். அதைக் கேட்டுக்கொண்டே நோட்ஸில் உள்ள 24 கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். 42இல் 24! பாதிக்கும் மேல் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

வார்டில் வேலை பார்த்தவருக்கு இங்கே உண்மையிலேயே பலன் இருக்கிறது. உரையாடல் தொடங்கும் முன் நோட்ஸைப் பார்க்க 30 வினாடி தருவார்கள். பழைய நோய் விவரம், இப்போது சாப்பிடும் மாத்திரை, குடும்பத்தில் யாருக்கு என்ன என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும். தினமும் கேஸ் ஷீட் எழுதுகிறவருக்கு அடுத்து என்ன வரும் என்று மனம் முன்கூட்டியே ஓடிவிடும். மெட்ஃபார்மின், வார்ஃபரின் என்று காதில் விழுந்தால் தடுமாற்றமே இருக்காது.

ஆனால் நம் ஊர் நர்ஸுக்கு ஒரு குறை இருக்கிறது, அதைக் கோச்சிங்கில் சொல்வதில்லை. நம் ஆஸ்பத்திரியில் நோயாளி தமிழில் பேசுவார், நாம் ஆங்கிலத்தில் எழுதுவோம். நோயாளி ஆங்கிலத்தில் வலியைச் சொல்லி நாம் கேட்டதே இல்லை. டிஸ்ப்னியா (மூச்சுத்திணறல்), பாரஸ்தீசியா (மரமரப்பு) எல்லாம் அத்துபடி. ஆனால் தேர்வில் வரும் நோயாளி மரமரப்பை "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்" என்பார், தலைசுற்றலை "டிஸ்ஸி ஸ்பெல்" என்பார், வாந்தி எடுத்ததை "த்ரூ அப்" என்பார், வலி "கம்ஸ் அண்ட் கோஸ்" என்பார். பாடப்புத்தகம் இதைச் சொல்லித் தராது. கேட்ட சொல்லை அப்படியே எழுதினால் மார்க். அதை மருத்துவச் சொல்லாக மாற்றி எழுதப் போய், யோசிக்கும் நேரத்தில் அடுத்த இரண்டு இடங்களைக் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். இதற்கு மருந்து பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸின் இணையதளம். ஒவ்வொரு நோய்க்கும் பொதுமக்களுக்காக எளிய ஆங்கிலத்தில் அறிகுறிகளை எழுதிவைத்திருக்கிறார்கள். தினமும் ஒரு நோயை எடுத்து வாய்விட்டுப் படித்தாலே சில மாதங்களில் காது திறந்துவிடும்.

எழுத்துப்பிழை விஷயத்தில் ஓஇடி லிசனிங் இரக்கமுள்ளது. எந்தச் சொல் என்று தெளிவாகப் புரிந்தால் சிறு பிழையை மன்னிப்பார்கள். ஐஇஎல்டிஎஸில் பிழை என்றால் மார்க் போச்சு. "இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்" என்று போட்டிருக்கும்போது மூன்று எழுதினாலும் போச்சு. பன்மைக்கு வரும் கடைசி "எஸ்" சத்தத்தை விழுங்கிவிடுவது நம்மவர்களிடம் பரவலாக உண்டு. பேசும்போது விழுங்குகிறவர் கேட்கும்போதும் விழுங்குவார். ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர் இதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

ஓஇடியின் பி பகுதி ஆறு சிறு துணுக்குகள்: ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர், ஊழியர்களுக்கு விளக்கம், இப்படி. பெரிய சிக்கல் இல்லை. சி பகுதிதான் சோதனை. இரண்டு நீளமான பேட்டி அல்லது உரை, மொத்தம் 12 கேள்வி. தலைப்பு மருத்துவம்தான், ஆனால் கேட்பது மருத்துவம் அல்ல. பேசுகிறவர் எதைக் கண்டு ஆச்சரியப்பட்டார், எந்தக் கருத்தோடு உடன்படவில்லை, எதை வலியுறுத்துகிறார் என்றுதான் கேட்பார்கள். இங்கே நம் படிப்பே நமக்கு எதிரியாகும். மூன்று விடையில் ஒன்று மருத்துவப்படி சரியாக இருக்கும், ஆனால் பேசியவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். ஐஇஎல்டிஎஸின் கடைசிப் பகுதியைவிட இது கடினம் என்பதே என் கணிப்பு.

இரண்டு மூன்று வருடம் வார்டில் நின்றவருக்கு லிசனிங்கில் ஓஇடி நல்லது. படித்து முடித்த கையோடு எழுத வருபவர், ஆங்கிலப் படமும் செய்தியும் சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பவர் என்றால், ஐஇஎல்டிஎஸை ஒதுக்கிவிட வேண்டாம்.

ரீடிங்: குறைவாகப் படிக்கலாம் என்பது கட்டுக்கதை

"ஓஇடியில் சின்னச் சின்ன பாராதான் வரும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்ப்போம். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ரீடிங்கில் மூன்று கட்டுரை, சேர்த்து 2150 முதல் 2750 சொற்கள். ஓஇடியில் ஏ பகுதியின் நான்கு துண்டுகள் 600 சொல் அளவில், பி பகுதியில் நூறு நூற்றைம்பது சொல்லில் ஆறு துண்டுகள், சி பகுதியில் 800 சொல் கட்டுரை இரண்டு. கூட்டினால் 3000 சொல்லைத் தொடும். நேரம் இரண்டிலும் 60 நிமிடம். ஓஇடியில் படிக்க வேண்டியது குறைவு இல்லை, பிரித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பிரிவைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு ஓஇடி லாபம். ஏ பகுதி 15 நிமிடம், 20 கேள்வி. ஒரு கேள்விக்கு 45 வினாடி. நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி மூடப்படும், திரும்பிப் போக முடியாது. ஒரே தலைப்பில், உதாரணமாகப் பாரசிட்டமால் ஓவர்டோஸ், ஒரு டோஸ் அட்டவணை, ஒரு வழிகாட்டு நெறி, ஒரு சிகிச்சைக் குறிப்பு என நான்கு துண்டுகள் தருவார்கள். இதை உட்கார்ந்து படிப்பவர் தோற்பார். எந்தத் துண்டில் எது இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கேள்வியில் இருந்து துண்டுக்குப் போய்த் தேட வேண்டும். எமர்ஜென்சியில் புரோட்டோக்கால் சார்ட்டில் டோஸ் தேடிப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. ஒரே எச்சரிக்கை: லிசனிங்கில் கிடைத்த எழுத்துப்பிழை மன்னிப்பு இங்கே கிடையாது. சொல் கண்ணெதிரே இருக்கிறதே, பார்த்து எழுத என்ன என்பது அவர்கள் நியாயம்.

மீதி 45 நிமிடத்தில் 22 கேள்வி. பி பகுதியைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு சி பகுதிக்குப் போவது நல்லது. சி பகுதியில் இருப்பவை மருத்துவ இதழில் வரும் கருத்துக் கட்டுரை போன்றவை. எழுதியவரின் தொனி என்ன, இந்தத் தொடரால் எதைக் குறிக்கிறார் என்று நான்கு விடைகளோடு கேட்பார்கள். நல்ல வாசிப்புப் பழக்கம் இல்லாதவருக்கு இது கடினம்தான். ஆனாலும் ஏ பகுதியில் 17, பி பகுதியில் 5 வந்துவிட்டால், சி பகுதியின் 16இல் பாதி போதும். ஏ பகுதி முழுக்க முழுக்கப் பயிற்சியால் வசப்படுவது. வாசிப்பில் பின்தங்கிய, உழைக்கத் தயாரான பிள்ளைக்கு ஓஇடியைச் சொல்வதற்கு என்னிடம் உள்ள பெரிய காரணம் இதுதான்.

ஐஇஎல்டிஎஸில் அப்படி ஒரு சேமிப்பு இடம் இல்லை. தேனீ, பனிப்பாறை, பழைய கடல் வணிகம், குழந்தை உளவியல் என்று எது வேண்டுமானாலும் வரும். நேரத்தை நீங்களே பிரித்துக்கொள்ளலாம், எந்தக் கேள்விக்கும் திரும்பிப் போகலாம், இது வசதி. ஆனால் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் வகைக் கேள்வி நம்மவர்களை அலைக்கழிக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது என்று கட்டுரையில் இருக்கும். பெரும்பாலான தொழிலாளர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள் என்று கேள்வியில் இருக்கும். கட்டியது அவர்களுக்காகத்தானே என்று ட்ரூ போட்டால் தவறு. எத்தனை பேர் போனார்கள் என்று கட்டுரை பேசவே இல்லை, ஆகவே நாட் கிவன். பத்தியில் இருப்பதை மட்டும் நம்பி, நம் ஊகத்தை ஒதுக்கி வைக்கும் ஒழுங்கு பிடிபட நாளாகும். பிடிபட்டபின் மார்க் நிலையாக வரும். சின்ன வயதிலிருந்தே ஆங்கில நாளிதழ் படிக்கும் பழக்கம் உள்ளவர் சில வாரப் பயிற்சியிலேயே 7ஐத் தொடுவதைப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு என்ன கிடைக்கிறது?

இதில் ஐஇஎல்டிஎஸ் ஓங்கி நிற்கிறது. கேம்பிரிட்ஜ் வெளியிடும் அசல் வினாத்தாள் தொகுப்புகள் ஏராளம், பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கும். ஓஇடிக்கு அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள் அதன் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு. அவற்றைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடாமல் கடைசி வாரங்களுக்கு வைத்திருங்கள். அதுவரை பிபிசி ரேடியோ 4இன் இன்சைட் ஹெல்த், ஆஸ்திரேலிய ஏபிசியின் ஹெல்த் ரிப்போர்ட் இரண்டையும் கேட்டால் சி பகுதிக்கு நேரடியாக உதவும், ஆஸ்திரேலிய உச்சரிப்பும் பழகும். ரீடிங்கின் ஏ, பி பகுதிக்கு பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகளைப் படிக்கலாம். டெலிகிராமில் "ரீகால் கொஸ்டின்", அதாவது முன்பு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகள் என்று பணம் வாங்கி விற்பதை மட்டும் தொடாதீர்கள். உங்கள் பணம் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. முறைகேடு என்று சந்தேகம் வந்தால் ரிசல்ட்டே நிறுத்தப்படலாம்.

கட்டணத்தில் ஓஇடி கணிசமாக அதிகம். இரண்டு முறை எழுத நேர்ந்தால் ஒரு ஸ்டாஃப் நர்ஸின் கையை நன்றாகவே கடிக்கும்.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்குங்கள். ஒரு நாள் ஐஇஎல்டிஎஸ் மாதிரித் தேர்வு, மறுநாள் ஓஇடி மாதிரித் தேர்வு, இரண்டையும் கடிகாரம் வைத்து, ஆடியோவை நிறுத்தாமல் எழுதுங்கள். மொத்த மார்க்கைவிட எங்கே போனது என்று பாருங்கள். ஓஇடியில் லிசனிங், ரீடிங் இரண்டின் ஏ பகுதியிலும் மார்க் போயிருந்தால் பயப்பட வேண்டாம், அது பயிற்சியில் ஏறும். இரண்டு சி பகுதியும் மொத்தமாகச் சரிந்திருந்தால், எந்தத் தேர்வைத் தேர்ந்தெடுத்தாலும் அடிப்படை வாசிப்புக்கு இன்னும் சில மாதம் வேண்டும். ஐஇஎல்டிஎஸில் எழுத்துப்பிழையாலும் சொல் வரம்பாலும் மட்டும் போயிருந்தால், 7 உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தேர்வை இடையில் மாற்ற நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே வகைத் தேர்வாக இருக்க வேண்டும், இரண்டு முறையும் நான்கு பகுதியையும் எழுதியிருக்க வேண்டும், லிசனிங்கும் ரீடிங்கும் ஐஇஎல்டிஎஸில் 6.5க்குக் கீழேயோ ஓஇடியில் சி பிளஸுக்குக் கீழேயோ போயிருக்கக் கூடாது. ஐஇஎல்டிஎஸில் மற்ற எல்லாம் வந்து ரீடிங் மட்டும் 6.5இல் நின்றவர், வெறுத்துப்போய் ஓஇடிக்குத் தாவினால் ஏற்கெனவே வாங்கிய அந்த 7களைக் கணக்கில் காட்ட முடியாது. அவர் மறுபடி ஐஇஎல்டிஎஸ்தான் எழுத வேண்டும், அதுவும் அந்த 12 மாதம் முடிவதற்குள்.