சுங்கை சிப்புட் டியூஷன் அறையில் ஈ.ஆர்.வி. காற்றோட்டப் பெட்டி: மூன்று வருடப் பயன்பாடு

இரவு எட்டரைக்கு மேல் படிவம் 5 பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்குவார்கள். எல்பில், ஹேவூட் தோட்டப் பக்கங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள், விடியற்காலையிலேயே எழுந்தவர்கள். அதனால் களைப்பு என்றுதான் பல வருடம் நினைத்தேன். சிலரைத் திட்டியும் இருக்கிறேன். இன்று நினைத்தாலும் மனம் கஷ்டப்படுகிறது.

2022-இல் கரியமில வாயு மீட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தேன். 22 பேர் உட்கார்ந்த அறையில் ஏழரைக்கு 600 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 600 பங்கு) காட்டியது, ஒன்பது மணிக்கு 2,400-ஐத் தாண்டியது. வெளிக்காற்றில் ஏறக்குறைய 420தான் இருக்கும். மலேசியத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதி 1,000-ஐ உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. "தலை வலிக்குது டீச்சர்" என்று பிள்ளைகள் சொன்னது சாக்கு இல்லை.

சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றை இழுப்பதில்லை. அறைக்காற்றையே குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளியே தொங்கும் பெட்டி வழியாகப் புதுக்காற்று வருகிறது என்று நானும் நம்பியிருந்தேன். சரி, ஜன்னலைத் திறக்கலாமே என்றால், எங்களுடையது கடைவீட்டு மேல்மாடி. கீழே செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும். காற்று திரும்பினால் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றம் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் செய்தது தவறான வைத்தியம். காற்றை வெளியே தள்ளும் காற்றாடி ஒன்றை மாட்டி, ஏர்கோனோடு சேர்த்து முழு வேகத்தில் ஓடவிட்டேன். மீட்டர் 900-க்கு இறங்கியது. கரண்டு பில்லோ 310 ரிங்கிட்டிலிருந்து 420-க்கு ஏறியது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பிடித்தது. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று நுழையும். நம் ஊர்க் காற்றில் வெப்பத்தைவிட ஈரம்தான் ஏர்கோனுக்குப் பெரிய சுமை. அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வடிக்கவே மின்சாரம் போகிறது.

அப்புறம்தான் ஈ.ஆர்.வி. (ஆற்றலை மீட்கும் காற்றோட்டப் பெட்டி) வாங்கினேன். மணிக்கு 500 கன மீட்டர் காற்றை மாற்றும் பெட்டி, வேலைக்கூலியோடு ஐயாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் மெல்லிய தாள் போன்ற அடுக்குகளின் இரு பக்கமும் கலக்காமல் கடந்து போகும். குளிர்ந்து உலர்ந்த பழைய காற்று, வருகிற காற்றின் வெப்பத்திலும் ஈரத்திலும் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு வெளியேறும். குளிர்நாடுகளில் வெப்பத்தை மட்டும் மாற்றும் ரகமும் உண்டு. விலை குறைவு என்று அதை இங்கே மாட்டாதீர்கள். ஈரத்தையும் மாற்றும் ரகம்தான் நமக்கு வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, கரியமில வாயு அளவைப் பார்த்து அதுவே வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால் மெதுவாகச் சுற்றும், இரவு 22 பேர் வந்தால் வேகம் எடுக்கும். காற்றாடியின் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தாலே அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆளில்லாத நேரத்தில் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து குளிரவைக்கும் வீண்செலவும் இல்லை. இப்போது நிறைந்த வகுப்பிலும் மீட்டர் 1,000-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

பில் முதலில் 350-க்கு வந்தது. ஈரம் அடங்கியிருந்ததால், 20-இல் வைத்திருந்த ஏர்கோனை 25-க்கு ஏற்றிக் கூரைக் காற்றாடியைச் சுற்றவிட்டேன், 315 ஆனது. அதாவது ஜன்னலை மூடிக்கொண்டு மூச்சுத் திணறிய காலத்துச் செலவிலேயே இப்போது புதுக்காற்று கிடைக்கிறது. பில் பாதியாகும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். பிள்ளைகள் ஒன்பதரைக்கும் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது போதும்.

பொருத்தியவர்கள் ஒரு தவறு செய்தார்கள். உள்ளிழுக்கும் குழாயையும் வெளியேற்றும் குழாயையும் ஒரே சுவரில் இரண்டடி இடைவெளியில் வைத்துவிட்டார்கள். வெளியே போன காற்றே திரும்பி உள்ளே வந்தது, கீழ்க் கடையின் தாளிப்பு வாசனையும் கூடவே வந்தது. உள்ளிழுக்கும் குழாயைப் பின்சந்துப் பக்கம் மாற்றும்வரை மீட்டர் இறங்கவே இல்லை. அதற்குத் தனிச் செலவு.

மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒரு வருடம் கழித்து ஐந்தடிக்கு (கடைமுன் நடைபாதைக்கு) கொண்டுபோனபோது 290 காட்டியது. வெளிக்காற்றில் அவ்வளவு குறைவு இருக்கவே முடியாது. இந்த வகை மீட்டர், பல நாட்களில் தான் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இரவில் பெட்டியை நிறுத்திவிடுவதால் அறைக்காற்று முழுதாக மாறவில்லை, கணக்கு சரிந்துவிட்டது. இப்போது அதிகாலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்தடியில் வைத்தும் பார்க்கிறேன்.

புகைமூட்ட நாட்களில் கவனம் வேண்டும். 2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பெட்டியைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஹெப்பா வடிகட்டி உள்ள சுத்திகரிப்பானை ஓடவிடுகிறேன். சுத்திகரிப்பான் புகைத்துகளைப் பிடிக்கும், கரியமில வாயுவைக் குறைக்காது. அதனால் அன்று வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுவேன்.

பராமரிப்பு கடினமில்லை. லாரிப் புழுதியால் முன்வடிகட்டி மாதத்துக்குள் கறுத்துவிடும், கழுவிக் காயவைத்து மாட்டலாம். உள்ளே இருக்கும் தாள் அடுக்கில் மட்டும் தண்ணீர் படவே கூடாது, தூசி உறிஞ்சியால்தான் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்ய வரும் அக்கா அதையும் கழுவப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன்.

அடுத்த அறைக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை உள்ளிழுக்கும் குழாய் எங்கே வர வேண்டும் என்று சுவரில் நானே சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டேன்.