மெர்சியின் உயிர்ப்பு: பழையதா, புதியதா?

ஓவர்வாட்ச் என்ற அணிச் சுடும் வீடியோ கேமில் மெர்சி என்ற பாத்திரத்தின் வேலை குணப்படுத்துவது; செத்த கூட்டாளிகளை எழுப்பும் 'உயிர்ப்பு' திறனும் அவருக்கு உண்டு. ஆனால் பழைய முறையில் உயிர்ப்புதான் அவருடைய அல்டிமேட், அதாவது ஆட்டத்தின்போது மெல்ல நிரம்பும் பெரிய திறன்; அது நிரம்பியதும் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கூட்டாளிகள் சாகும்வரை காத்திருப்பதுதான் லாபம். அப்புறம் ஒரே பொத்தான். பக்கத்தில் விழுந்து கிடந்த அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். போராடி ஐந்து பேரை வீழ்த்திய எதிரணிக்கு வயிறு எரியாதா?

2017 செப்டம்பரில் உயிர்ப்பு சாதாரணத் திறனானது: ஒரு தடவைக்கு ஒருவர், பிறகு 30 விநாடி இடைவெளி. அல்டிமேட்டாக, பறந்தபடி பலரைக் குணப்படுத்தும் வால்கிரி வந்தது. ஆரம்பத்தில் இந்தப் புதிய உயிர்ப்பும் அதிகப்படிதான், நொடியில் எழுப்பிவிடலாம். நவம்பரில், வால்கிரி இயங்காத வேளையில் எழுப்ப 1.75 விநாடி ஆகும், அதுவரை மெதுவாகத்தான் நகர முடியும் என்று மாற்றினார்கள். சுட்டுத் தடுக்க எதிரணிக்கு வழி பிறந்தது.

பரபரப்பு பழையதில்தான், சரி. என் ஓட்டு புதியதற்கே: மெர்சி ஒளியாமல் அணியோடு நிற்கிறார்.