இலவச மானியத்தை எங்களுக்கே விற்றார்கள்: ஒன்றேகால் லட்சம் போயிற்று

சற்று முன்புதான் எங்கள் விளம்பர ஏஜென்சியிடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. "ஆலோசனைக் கட்டணம் எந்நிலையிலும் திருப்பித் தரப்படாது." அவ்வளவுதான். ஒன்றேகால் லட்சத்துக்கு ஒற்றை வரியில் பதில். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தொடங்கிவிடுவேன், அது யாருக்கும் பயன்படாது.

நாங்கள் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் சிறிய தொண்டு அமைப்பு. சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. நான் கணக்கு வழக்கு பார்க்கிறேன். அந்த ஒன்றேகால் லட்சம், பதிவு அறைக்குள் வெளிச்சத்தம் வராமல் சுவரை அடைப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம். மாதாமாதம் சிறு தொகை போடுகிறவர்களிடமிருந்து வந்தது.

அதை வாங்கிக்கொண்டது, தொண்டு அமைப்புகளுக்கும் சிறு வணிகங்களுக்கும் மட்டுமே வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி. புகார் போயிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இந்த வகையறா எல்லாம் ஒரே அச்சுதான். முகப்பில் சிரிக்கும் குழந்தைகள், கீழே வரிசையாக யார் யாருடைய லோகோக்களோ, "முதல் ஆலோசனை இலவசம்" என்று ஒரு பச்சைப் பொத்தான்.

எப்படி நம்பினோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். திருட்டு நடந்த இடம் அதுதான். வீடியோ அழைப்பில் வந்தவர் விலைப் பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் ஒலிப்பதிவு ஒன்றை முழுதாகக் கேட்டுவிட்டு வந்திருந்தார். "வேதியியல் வாசிக்கிற அம்மா, சமன்பாடு வந்தால் ஒரு மூச்சு நிறுத்துகிறார். அப்புறம் ஒவ்வொரு எண்ணாகச் சொல்கிறார். பக்கம் புரட்டும் சத்தமும் லேசாகக் கேட்கிறது. அதை வெட்டிவிடாதீர்கள் சார்" என்றார். எங்கள் குழுவிலேயே பலர் கவனிக்காத விஷயம். அழைப்பில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேரம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. அந்த ஏஜென்சி எங்களுக்குக் காது கொடுத்ததும் அந்த ஒரு முறைதான்.

அடுத்துதான் விஷயத்துக்கு வந்தார். தொண்டு அமைப்புகளுக்கு கூகுள் மாதம் 10,000 டாலர் வரை விளம்பர மானியம் தருகிறதாம். அதை வாங்கித் தருவது அவர்கள் பொறுப்பாம். உள்ளே ஆள் இருக்கிறதாம். விண்ணப்பச் செயலாக்கத்துக்கு ஒரு தொகை, ஆறு மாத நிர்வாகத்துக்கு ஒரு தொகை, தேடலில் முதலிடத்துக்கு உத்தரவாதம் என்று இன்னொரு தொகை. சேவை அமைப்பு என்பதால் தள்ளுபடி போக மொத்தம் ஒன்றேகால் லட்சம், முழுவதும் முன்பணமாக.

மானியம் இருப்பது உண்மைதான். ஆட் கிராண்ட்ஸ் என்ற பெயரில் 2003 முதல் நடக்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. தகுதியுள்ள அமைப்பு தானே நேராக விண்ணப்பிக்கலாம். கையில் ஒரு காசும் வராது. தேடல் பக்கத்தில் எழுத்து விளம்பரம் காட்டுவதற்கான வரவு மட்டும்தான், அந்த மாதம் செலவாகாதது அடுத்த மாதத்துக்குச் சேராது. உள்ளே ஆள் வைத்து ஆக வேண்டிய காரியம் எதுவும் அதில் இல்லை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை எங்களுக்கே ஒன்றேகால் லட்சத்துக்கு விற்றிருக்கிறார்கள்.

முதல் அறிக்கை பளபளப்பாக வந்தது. வண்ண வண்ண வளைகோடுகள், எல்லாம் மேல்நோக்கி. இம்ப்ரெஷன் லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று பெரிய எழுத்தில். இம்ப்ரெஷன் என்றால் விளம்பரம் திரையில் வந்து போன தடவைகள், அவ்வளவுதான். நன்கொடைப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், வாசித்துக் கொடுக்க எத்தனை பேர் முன்வந்தார்கள் என்று கேட்டேன். "முதலில் விழிப்புணர்வு சார், பலன் பின்னால் வரும்" என்றார்கள். பின்னால் தெரிய வந்தது வேறு: கன்வெர்ஷன் கண்காணிப்பையே, அதாவது விளம்பரம் பார்த்து வந்தவர் படிவம் நிரப்பினாரா என்று கணக்கிடும் ஏற்பாட்டையே, அவர்கள் அமைக்கவில்லை. யாராவது படிவத்தை நிரப்பியிருந்தாலும் அது விளம்பரம் பார்த்து வந்ததா என்று அறிய வழியில்லை.

எந்தெந்தத் தேடல் சொற்களுக்கு விளம்பரம் போகிறது என்று மல்லுக்கட்டிப் பட்டியலை வாங்கினேன். புத்தகம். இலவசம். கல்வி. ஆடியோ. மானியக் கணக்கில் இப்படிப்பட்ட ஒற்றைச் சொற்களுக்குச் சில விலக்குகள் தவிர அனுமதியே இல்லை. தவிர, விளம்பரம் காட்டப்படும் தடவைகளில் குறைந்தது 5 சதவீதமாவது சொடுக்கு விழ வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் அதற்குக் கீழே இருந்தால் கணக்கை முடக்கலாம். 'இலவசம்' என்று தேடுகிறவர் வேதியியல் ஒலிநூலை எதற்குச் சொடுக்கப் போகிறார்? 'பார்வையற்றோருக்கான வேதியியல் ஒலிநூல்' என்று தேடுகிற தாய் சொடுக்குவார். கணக்குப் புத்தகம் எழுதுகிற எனக்கே இது புரிகிறது. கடைசியில் கணக்கு முடங்கியது.

அதற்கப்புறம் ஒரே தட்டிக்கழிப்பு. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் 'அக்கவுண்ட் மேனேஜர்', ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர் அல்காரிதம் மாறிவிட்டது என்றார். இன்னொருவர் டிக்கெட் போட்டிருக்கிறோம், மேலே பேசுகிறோம் என்றார். மற்றொருவர், "உங்கள் ஸ்டோரில் என்ன பொருள் விற்கிறீர்கள் சார்?" என்று கேட்டார். பக்கம் புரட்டும் சத்தத்தைக் கேட்ட அந்த மனிதருடன் பேச வேண்டும் என்றேன். அவர் விற்பனைப் பிரிவாம், சேவை விஷயத்தில் தலையிட மாட்டாராம்.

சரி, ஒன்றேகால் லட்சம் போனால் போகட்டும், கணக்குகளையாவது கொடுங்கள் என்று கேட்டபோதுதான் அடுத்த இடி. மானியக் கணக்கின் நிர்வாகி மின்னஞ்சல் அவர்களுடையது. வேகமான சர்வருக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி எங்கள் இணையதளத்தை நகர்த்தியபோது, டொமைனையும், அதாவது தளத்தின் முகவரியையும், தங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்களுடையது டாட் ஆர்க் முகவரி. அதை வேறிடத்துக்குக் கொண்டுபோக ஓர் அங்கீகாரக் குறியீடு வேண்டும். உரிமையாளர் கேட்டால் 5 நாளுக்குள் முகவரியைப் பதிந்து வைத்திருக்கும் நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது, இணைய முகவரிகளை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. ஆனால் ஏட்டில் இப்போது உரிமையாளர் அவர்கள்! எங்கள் முகவரியை எங்களிடம் தர 'விடுவிப்புக் கட்டணம்' கேட்கிறார்கள். பூட்டுப் போட வந்தவன் சாவியை வைத்துக்கொண்டு வாசலில் வாடகை கேட்கிற கதை.

எங்களோடு நிற்கவில்லை இது. இதே ஏஜென்சியிடம் மாட்டிய ஒரு தையல்காரரிடம் பேசினேன். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதற்கே அவரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். அதுவும் இலவசம்தான். அந்தப் பதிவின் முதன்மை உரிமையாளராகத் தங்களையே போட்டுக்கொண்டார்கள். போதாததற்கு, துணியே கொடுக்காதவர்கள் பெயரில் புகழ்ந்து பொய் விமர்சனங்கள் வேறு.

எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். விளம்பரக் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறந்து, ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். கணக்கு எண்ணைக் கொடுத்தாலே அவர்கள் இணைந்துகொள்ள முடியும், கடவுச்சொல் கேட்டால் கிளப்பிவிடுங்கள். விளம்பரத்துக்கு ஆகும் செலவு வேறு, அவர்கள் கூலி வேறு என்று தனித்தனி ரசீது வாங்குங்கள். செலவு, சொடுக்கு, இம்ப்ரெஷன் மூன்றையும் வாடிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டும் என்று இடைநிலை நிறுவனங்களுக்கு கூகுளே விதி வைத்திருக்கிறது. மழுப்பினால் அதைச் சொல்லிக் கேளுங்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். லோகோ போட்டிருக்கிற அமைப்புகளில் ஒன்றிரண்டை நீங்களே அழைத்துப் பேசுங்கள். நான் இப்போது அழைத்துப் பார்த்தேன், ஒருவர் அந்த ஏஜென்சியின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்.

டொமைன் வாங்கிய கணக்கில் உங்களால் நுழைய முடிகிறதா, அதில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுடையதற்குப் புதுப்பிக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது, அந்த நினைவூட்டல் மின்னஞ்சலும் இப்போது அவர்களுக்குத்தான் போகும்.