பம்ப் நல்லதுதான், வயரைக் கவனியுங்கள்

நான் மருந்துக் கம்பெனி ரெப். வீடு வேலூரில். மாதத்தில் இருபது நாள் பைக்கிலேயே போகிறது. கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகப் போளூர், சில நாள் செங்கம், மாதம் இரண்டு தடவை ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூர். வண்டி 2018 மாடல் பல்சர் 220. முன்னும் பின்னும் ட்யூப்லெஸ் டயர். மலைப் பாதையில் பஞ்சர் ஆனால் கடை தேடி இறங்க வேண்டும், இல்லையென்றால் பால் வண்டி வருகிற வரை நிற்க வேண்டும். அதனால்தான் கையடக்கக் காற்று பம்ப் ஒன்று வாங்கினேன். பதினோரு மாதம் ஆகிறது. கார் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சாதாரண 12 வோல்ட் பம்ப், விலை 1,650 ரூபாய். இந்த மாதிரி பம்ப் பல பெயர்களில் வருகிறது, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் கம்பெனியைப் பற்றி எழுதாமல், பைக்கில் வைத்து ஓட்டினால் என்ன ஆகிறது என்று எழுதுகிறேன்.

முதல் பிரச்சினை, பைக்கில் லைட்டர் சாக்கெட் கிடையாது. ஹேண்டிலில் பலரும் போட்டிருக்கும் யூஎஸ்பி சாக்கெட் இதற்கு ஆகாது. அது கொடுப்பது 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். பம்புக்கு வேண்டியது 100 வாட் அளவில். என்னுடைய பம்ப் மேலேயே 12 வோல்ட், 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது.

அதனால் ஒரு ஆக்சசரீஸ் கடையில் ஹேண்டிலில் லைட்டர் சாக்கெட் மாட்டித் தரச் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். போன் சார்ஜர் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வாரம் கழித்து வீட்டு வாசலில் பம்பை மாட்டினேன். பழைய மிக்ஸியில் ஊறாத அரிசியைப் போட்ட மாதிரி முனகியது, அதன் மீட்டர் முள் 15 பிஎஸ்ஐ-க்கு (டயர் காற்றழுத்த அளவு) மேல் ஏற மறுத்தது. ஹெட்லைட் பக்கம் லேசாகப் பிளாஸ்டிக் வாடை. தொட்டுப் பார்த்தால் வயர் சூடு. அணைத்துவிட்டுப் பிரித்தேன். நூல் மாதிரி ஒரு வயரை ஹெட்லைட்டுக்குப் போகிற வயரில் தோலுரித்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். தனி ஃப்யூஸ் இல்லை. அந்த முறுக்கலில் டேப் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. இதே நிலையில் ராத்திரி நேரம் மலையில் பம்பை ஓட்டியிருந்தால் வண்டியின் ஃப்யூஸ் போய் ஹெட்லைட்டும் சேர்ந்து போயிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. விளக்கு வயரில் போன் சார்ஜர் இழுக்கிற ஆள் பம்பையும் அதிலேயே இழுக்கலாம் என்று சொல்லக்கூடாது.

அப்புறம் எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். வயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தார். பம்ப் வெறுமனே ஓடும்போது 5 ஆம்பியர் சுமார், டயரில் 28 பிஎஸ்ஐ நெருங்கும்போது 8. "தம்பி, தண்ணி மோட்டாருக்கு யாராவது காலிங் பெல் வயர் போடுவாங்களா?" என்றார்.

கணக்கு ரொம்ப எளிது. 0.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், பேட்டரியிலிருந்து ஹேண்டில் வரை ஒன்றரை மீட்டர். போக வர மூன்று மீட்டர், அதன் தடை 0.1 ஓமுக்குக் கொஞ்சம் மேல். 8 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் அங்கேயே காலி. அது ஏழு வாட் சூடாக மாறுகிறது, அதுவும் கட்டிவைத்த வயர் கொத்தின் நடுவில். முறுக்கி ஒட்டிய இணைப்பில் ஏற்படும் இழப்பு இதற்கு மேல். பம்ப் முனகியதற்குக் காரணம் இதுதான்.

அண்ணன் செய்தது இது. பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், சிவப்பும் கறுப்பும், அரை மீட்டர் நீளம். முனையில் ரிங் லக் (வளைய முனை) வைத்து அழுத்தி, பேட்டரி போல்ட்டிலேயே முறுக்கினார். பாசிட்டிவ் பக்கம், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸை ஏன் அவ்வளவு பக்கத்தில் வைக்கிறார் என்று கேட்டேன். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் வயர் எங்காவது உரசிச் சட்டத்தைத் தொட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை, அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்றார். மறுமுனை சைடு பேனலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி எஸ்ஏஇ கனெக்டர், அதாவது சொருகிக் கழற்றுகிற இணைப்பு. இரண்டு முனை இருக்கும், ஒன்று வெளியே தெரியும், ஒன்று ரப்பர் உறைக்குள் இருக்கும். பேட்டரி பக்கத்தில் உறைக்குள் இருப்பதுதான் பாசிட்டிவாக இருக்க வேண்டும். மாறியிருந்தால், சாவி ஏதாவது பட்டாலே பொறி பறக்கும். பம்பின் லைட்டர் பிளக்கை வெட்டிவிட்டு அதே கனெக்டரைப் போட்டுக் கொடுத்தார். பிளக்கில் இருந்த ஃப்யூஸும் அதோடு போய்விடும், அதனால்தான் பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் கட்டாயம். எல்லாம் சேர்த்து 480 ரூபாய்.

அதன் பிறகு இதே பம்ப் வேறு பம்ப் மாதிரி ஆகிவிட்டது. 120/80-17 பின் டயர், முழுக்கக் காற்று இறங்கியிருந்தால் 28 பிஎஸ்ஐ வர மூன்றரை நிமிடம்.

ஆவணி மாதம் ஒரு நாள், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது பின்பக்கம் ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் டயரில் இரண்டு அங்குல ஆணி. முன்னும் பின்னும் காடு, போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. ஆணியைப் பிடுங்கி, பஞ்சர் கிட்டில் இருந்த அரத்தை ஓட்டைக்குள் நாலு தடவை ஏற்றி இறக்கி, பசை தடவிய ரப்பர் ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து அழுத்தினேன். மழைத் தூறல் வேறு. சாம்பிள் பையின் மழைக் கவரை விரித்து அதன்மேல் பம்பை வைத்தேன், மண்ணில் வைத்தால் அதிர்ந்து அதிர்ந்து தூசியை இழுத்துவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டுக் கனெக்டரைச் சொருகினேன். வால்வில் முறுக்குகிற பித்தளை முனை இரண்டு நிமிடத்திலேயே சுட ஆரம்பித்தது. கைக்குட்டை சுற்றித்தான் கழற்ற முடிந்தது. இறங்கியதிலிருந்து கிளம்பும் வரை பதினெட்டு நிமிடம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்க நேரத்துக்குப் போய்விட்டேன்.

இன்ஜினை ஏன் ஓட விட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 8 ஆம்பியரில் நாலு நிமிடம் என்றால் அரை ஆம்பியர்-ஹவர்தான் (Ah, பேட்டரி கொள்ளளவைச் சொல்கிற அளவு). என் பேட்டரி 9 ஆம்பியர்-ஹவர், தாங்கும். ஆனால் பல்சர் 220-க்குக் கிக்கர் கிடையாது. பேட்டரி படுத்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், காற்றில்லாத டயரோடு யாரால் தள்ள முடியும்? அதோடு 2017 ஏப்ரலில் இருந்து வரும் வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட்டும் எரியும், என் வண்டியில் லோ பீம் மட்டும் 55 வாட். ஐட்லிங்கில் பம்பை ஓட்டியபோது பேட்டரியில் 12.4 வோல்ட் காட்டியது, அதாவது பேட்டரிதான் செலவாகிறது; ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்து 2,500 ஆர்பிஎம் வைத்தால் 13.6. அதனால் ஒரு கை ஆக்சிலேட்டரில் இருக்கட்டும்.

பம்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். அதிலிருக்கும் மீட்டர் 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுகிறது. பேனா மாதிரி கேஜ் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன், அதைத்தான் நம்புகிறேன். முனையைக் கழற்றும்போது இன்னும் ஒரு பிஎஸ்ஐ போகும், அதையும் சேர்த்து அடிக்க வேண்டும். காற்றுக் குழாய் குட்டை, வால்வு கீழே நிற்கிற மாதிரி டயரை உருட்டி வைத்தால்தான் எட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே என்று போட்டிருக்கிறது, அதை மதியுங்கள்.

உள்ளேயே பேட்டரி வைத்த சார்ஜ் பம்ப் வாங்கியிருக்கலாமே என்றால், என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் அதுதான் வைத்திருக்கிறான். சின்னது, அழகானது, வேண்டிய அளவு வந்ததும் தானாக நின்றுவிடும். வாரம் ஒரு தடவை முன்னும் பின்னும் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுகிறவருக்கு அதுதான் சரி. நாலு மாதம் பையிலேயே கிடந்துவிட்டுத் திடீரென்று தேவைப்படும் பொருள் என்றால், வண்டி பேட்டரியிலிருந்து ஓடுவதைத்தான் நான் எடுப்பேன்.

மற்ற சாமான்களை இந்த நேர் லைனில் மாட்டாதீர்கள். போன் சார்ஜர் சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் வண்டி கிளம்பாது. என் சார்ஜரும் 20 வாட் பனிமூட்ட விளக்கு இரண்டும் தனி ஃப்யூஸோடு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) வழியாகப் போகின்றன. சாவியைத் திருப்பினால் டெயில் லைட் வயரிலிருந்து சின்ன மின்சாரம் ரிலேயை இழுக்கும், பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரும். சாவியை எடுத்தால் எல்லாம் செத்துவிடும். பம்ப் ஓடும்போது பனிமூட்ட விளக்கை அணைத்து வைக்கிறேன்.

போன மாதம் சந்தவாசல் தாண்டி ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் சாமை மூட்டையோடு நின்றிருந்தார். பின் டயரில் காற்றே இல்லை. ட்யூப் டயர், ஓட்டையை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றார் அவர். காற்றை அடித்துக் கொடுத்து, பஞ்சர் கடை வரை பின்னாலேயே போனேன். போளூர் எல்லை வரை தாங்கியது.