கார் ஷெட்டுக்கு பாயில் ஷீட்: டெம்பரேச்சர் கன் டெமோவை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கலர் ஷீட் கூரை போட்ட கார் ஷெட் உள்ளவர்கள் கவனிக்க. பங்குனி பிறந்ததும் வீடு வீடாக வந்து, பிளாஸ்டிக் குமிழி மேல் அலுமினிய பாயில் ஒட்டிய ஷீட்டைக் காட்டி, "பபிள் ஷீட் ஒட்டிவிட்டால் ஏசி போட்ட மாதிரி இருக்கும்" என்று பணம் பிடுங்குகிறார்கள். ஏமாற்று வேலை டெமோவிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் கூரையின் அடிப்பக்கத்தில் டெம்பரேச்சர் கன்னை (தொடாமலே சூட்டைக் காட்டும் கருவி) அடிப்பார்கள்: 60 டிகிரி. அடுத்து, அங்கேயே ஒட்டிய பளபள பாயிலில்: 38. பார்க்கிறவர் அசந்துபோவார். ஆனால் அந்த 38 பாயிலின் சூடே இல்லை. சாதாரண கன்கள் 0.95 எமிசிவிட்டிக்கு (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு கதிராக வெளிவிடும் என்ற அளவு) செட் செய்யப்பட்டவை. அலுமினிய பாயிலுக்கு அது 0.05 பக்கம்தான். கண்ணாடியில் முகம் தெரிவதுபோல, கீழே இருக்கும் தரையின் சூடு பாயிலில் பட்டுத் திரும்புகிறது. கன் அதைத்தான் படிக்கிறது. பாயிலில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, கன்னைக் கிட்டே கொண்டுபோய் டேப்பின் மேல் அடிக்கச் சொல்லுங்கள். எண் எகிறும், பேச்சு குறையும்.

அடுத்த பித்தலாட்டம் சரக்கில். டெமோ துண்டு இருபக்கமும் பாயில். வேலைக்கு வருவதோ ஒருபக்கம் பாயில், மறுபக்கம் வெள்ளை பிளாஸ்டிக். வெள்ளை கீழே தெரிந்தால் அழகு என்று, பாயில் பக்கத்தைத் தகரத்தோடு அப்பிவிடுவார்கள். பாயில் வேலை செய்ய அதன் முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூட்டை அப்படியே கடத்தும். மிஞ்சுவது 4 மி.மீ. பிளாஸ்டிக் குமிழி. "2 இஞ்ச் தெர்மோகோலுக்குச் சமம்" என்பார்கள். பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. போதாக்குறைக்கு, மத்தியான வெயிலில் பசை இளகி, ஷீட் கார் மேலேயே தொங்கும்.

சரியான முறை: பசையே வேண்டாம். இருபக்க பாயில் ஷீட்டை பர்லின் பைப்புகளுக்கு (கூரைத் தகரத்தைத் தாங்கும் குறுக்குக் குழாய்கள்) அடியில் விறைப்பாக இழுத்து, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டி வைத்து செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் பிடிக்க வேண்டும். தகரத்துக்கும் பாயிலுக்கும் நடுவே குறைந்தது 1 இஞ்ச் இடைவெளி. இணைப்பில் 2 இஞ்ச் மேல்படிந்து, அலுமினிய டேப். கூரையின் தாழ்ந்த ஓரத்திலும் உயர்ந்த ஓரத்திலும் இடைவெளியை அடைக்காமல் விட்டால் சூடான காற்று தானே வெளியேறும். 10க்கு 20 அடி கூரைக்கு 230 சதுர அடிக்கு மேல் பில் போட்டால் அளவு டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

பஃப் பேனல் (இரண்டு தகரத்துக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை வைத்த பலகை) என்று சொல்லி தெர்மோகோல் பேனல் தள்ளுவதும் உண்டு. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: மணிமணியாக வெள்ளையாக இருந்தால் தெர்மோகோல். வெல்டிங் பொறி பட்டால் உருகி எரியும். மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் போடும் ஷெட்டில் இதை வைக்கவே கூடாது.

மேற்கு பார்த்த ஷட்டர் இருந்தால், கூரையை மட்டும் மூடிப் பயனில்லை. வெளியே நிழல் சாய்ப்பு போடுங்கள். மூடிய ஷெட்டில் ஏர் கூலர் வைத்தால் புழுக்கம்தான் மிச்சம்.

கொட்டேஷனில் ஷீட்டின் தடிமன், ஒருபக்கமா இருபக்கமா, இடைவெளி எத்தனை இஞ்ச் என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை மதியம் 2 மணிக்கு கறுப்பு டேப் சோதனை முடிந்தபின் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில், போட்டோவோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம்.